நர்சம்மாவின் நடை

குருவம்மாளின் நடை அவளை விட்டுக் கழன்று தெருவில் இறங்கிப் போன மத்தியானத்தில் எட்டூரணியில் யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது, தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டுச் சங்கு ஊதி முடிந்திருந்தது, டீக்கடை அய்யலுசாமி வடைக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார், அப்போது தெருவில் செருப்புச் சத்தம் கேட்க, கண்ணைத் திறக்காமலே, "நர்சம்மா, இந்த வெயில்ல எங்க போறீக?" என்று கேட்டார், பதில் வராததால் கண்ணைத் திறந்து பார்த்தார், தெரு காலியாகக் கிடந்தது, ஆனால் செருப்புச் சத்தம் மட்டும் நீள நீளமான எட்டுகளாக அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் புழுதி எழுந்து அடங்கியது, குறுக்கே படுத்திருந்த ஆடு எழுந்து வழிவிட்டது. "சரி, வேலையாப் போறாக" என்று சொல்லிவிட்டு அய்யலுசாமி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நடையைத் தெரியாதவர்கள் எட்டூரணியில் கிடையாது. குருவம்மாள் முப்பது வருசத்துக்கு மேல் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். ஊசி மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் பஸ் வந்தாலும் வராவிட்டாலும் நடந்தே போய், பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டவள். அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வார்கள், அப்படி ஒளிந்தவர்கள் வளர்ந்து கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளை ஒளியவிடாமல் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருசம் அவளுடைய வலது கை தானாக நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் முகத்தில் சிரிப்பு வருவதற்கு நேரமானது. அப்புறம் ஒரு நாள் சமையலறை நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போகிறது, பாதம் பசை போட்டது போலத் தரையிலேயே நிற்கிறது, விழுந்ததில் மோவாய் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அவள் புருசன் செண்பகராஜ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், புயல் மழையில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது கம்பத்தில் ஏறியவர். பயம் என்றால் அடிவயிற்றில் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதை அவர் அந்த நிலைப்படியில்தான் தெரிந்துகொண்டார்.

மதுரையில் நஸ்ரின் என்று ஒரு நரம்பு டாக்டர், இளவயசுப் பெண். பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தவர் அவர்தான். அவருடைய அறையில் குருவம்மாள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தடங்கலில்லாமல் நடந்து காட்டினாள்.

"என் முன்னால நல்லாத்தான் நடக்கிறாங்க சார்," என்றார் டாக்டர். "எல்லாருமே அப்படித்தான். டாக்டர் பார்க்கிறார்ன்னதும் உடம்பு எங்கிருந்தோ ஒரு நல்ல நடையைத் தேடி எடுத்துட்டு வந்து காட்டிடும். வீட்டுக்குப் போனதும் விழுந்துடுவாங்க. எனக்கு வீட்டு நடைதான் வேணும்."

அதற்காக அவர் மூன்று கறுப்புப் பட்டைகள் கொடுத்தார். வாட்ச் மாதிரி இருக்கும், ஆனால் முள்ளும் கிடையாது எண்ணும் கிடையாது. கணுக்காலுக்கு ஒவ்வொன்று, இடுப்புக்கு ஒன்று. உள்ளே சென்சார் இருக்கிறது, எட்டு எவ்வளவு நீளம், பாதம் எவ்வளவு உயரம் எழும்புகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று எல்லாவற்றையும் அது கவனித்து, செண்பகராஜின் போன் வழியாகத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும், அதைப் பார்த்து மாத்திரையை மாற்றிக் கொடுக்கலாம் என்று விளக்கினார்.

"நான் நடக்காம உக்காந்தே இருந்தா இது எதைப் பாக்கும்?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"நடக்காததையும் பார்க்கும்மா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு வரும் பஸ்ஸில் முழுக்கவும் அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள், யாரோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்ப்பது போல இருக்கிறது என்றாள்.

அய்யலுசாமி செருப்புச் சத்தம் கேட்ட அன்று சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். குரலில் சந்தோசம். "சார், இன்னிக்கு மத்தியானம் அம்மா பிரமாதமா நடந்திருக்காங்க. எட்டு நீளமா இருக்கு, ஒரு இடத்துல கூடத் தயங்கலை. எங்க போனாங்க?"

செண்பகராஜ் நாற்காலியைப் பார்த்தார். மத்தியானம் பூரா அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள், அவர்தான் சோறு ஊட்டினார், ஊட்டும்போது அவளுடைய பாதம் இரண்டும் தரையில் செங்கல் மாதிரி இருந்தன. "எங்கயும் போகலை டாக்டர்," என்றார்.

"பட்டையை வேற யாராவது கட்டியிருந்தாங்களா?"

"இல்ல. அவ கால்லதான் இருக்கு."

குருவம்மாள் நாற்காலியிலிருந்தே சொன்னாள்: "மேலத்தெரு வழியாப் போயி, தீப்பெட்டி ஆபீஸைச் சுத்தி வந்துச்சு. நானும் கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பிப் பாக்கலை."

அதற்குப் பிறகு நடை தினமும் போனது. உச்சி வெயிலில் கிளம்பும், வெயில் சாயும்போது திரும்பி வரும், வந்து வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் சத்தம் நின்றுவிடும், நின்ற கையோடு குருவம்மாளின் காலில் ஒரு துடிப்பு ஓடும். ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான் இருந்தது: டவுன் பஸ் டிரைவர் செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டும்வரை வண்டியை நிறுத்தி வைத்தார், தெருவில் வத்தல் காயப்போடும் பொம்பிளைகள் நடுவில் ஒரு ஆள் போக வழிவிட்டுக் காயப்போட்டார்கள், மாவு மில்லில் கூட்டமாக நின்றவர்கள் விலகி நின்று "வாங்க" என்றார்கள். கைப்பிள்ளை இருக்கிற வீடு வந்தால் நடை கொஞ்சம் நின்றுதான் போகும். அப்படி நின்றுபோன வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று சாயங்காலம் இடது தோளில் சின்ன வீக்கமும் லேசான காய்ச்சலும் வந்தது, தாய்மார்கள் வழக்கம்போல அரை மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள், மறுநாள் சரியாகிவிட்டது. பழக்கப்பட்ட விசயமாக இருந்ததால் முதலில் யாருக்கும் பயம் வரவில்லை.

பயம் வந்தது செல்வமதி வீட்டிலிருந்து. செல்வமதி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், அவளுடைய மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தது. நர்சம்மாவின் நடை அவள் வாசலில் நின்றுவிட்டுப் போன அன்று, அந்தப் பிள்ளை நடுவீட்டில் பொத்தென்று உட்கார்ந்தது, அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை, மறுபடியும் தவழ ஆரம்பித்துவிட்டது.

"என் பிள்ளை நடையையும் கூட்டிட்டுப் போயிருச்சு," என்று செல்வமதி தெருவில் நின்று அழுதாள். "போற போக்குல கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிருச்சு."

அந்த ஒரு பேச்சு ஊருக்குள் இறங்கியதும் ஒவ்வொருவரும் தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்கள். நடை என்பது கழன்று போகிற சாமான் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. இப்போது எழுந்திருக்கும்போது ஒரு கணம் தயங்கி, இருக்கிறதா என்று பாதத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு போதாது என்று நினைத்தவர்கள் படுக்கும்போது இரண்டு காலையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தூக்க முடியாத வயசுப் பிள்ளைகளைக்கூடத் தூக்கினார்கள். மத்தியானம் ஆனால் கதவைச் சாத்தினார்கள். "வாங்க" என்று சொன்ன வாய்கள் இப்போது செருப்புச் சத்தம் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டன, சத்தம் வாசலில் நிற்கக் கூடாதே என்று ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள், அது கடந்து போனதும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்து அறைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்துக்கொண்டார்கள்.

அய்யலுசாமி ஒரு நாள் காலையில் செண்பகராஜிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. அந்தப் பட்டையக் கட்டினதுலருந்துதான் இதெல்லாம். கழட்டிப் போட்டுப் பாருங்களேன்."

செண்பகராஜும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். அன்று உச்சியில், நடை கிளம்பிப் போன பிறகு, குருவம்மாளின் கணுக்காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பட்டைகளை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்துப் போனது. அவளால் வேகமாகப் பேச முடியாது, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று இடறும், ஆனாலும் பேசினாள்.

"கட்டுங்க. எங்க இருக்குன்னு தெரியலை. இம்புட்டு நேரம் தெரிஞ்சது, இப்ப தெரியலை."

"இருக்கட்டும் குருவு, கொஞ்ச நேரம் பாப்போம்."

"கட்டுங்கன்னு சொல்றேன்!"

அன்று வெயில் சாய்ந்தும் நடை திரும்பவில்லை. ரோட்டில் வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்த பிறகும் வரவில்லை. செண்பகராஜ் பட்டைகளை மறுபடி எடுத்துக் கட்டினார், கட்டிய பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, ரொம்ப தூரத்திலிருந்து, வழி தவறிப் போன ஆள் விசாரித்து விசாரித்து வருவது போலச் செருப்புச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அவர் பட்டையைக் கழற்றவில்லை. கிணற்றில் விழுந்த வாளிக்கு ஒரு கயிறு இருக்கிறது என்றால் அது இதுதான் என்று அவருக்குப் பட்டது.

"திரும்பி வராமப் போயிடுமோன்னு பயமா இருக்கு குருவு," என்று அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்.

"எனக்கு அந்தப் பயம் இல்ல," என்றாள் அவள். "வாசல்ல வந்து தினம் நிக்குதுல்ல, அப்ப உள்ள எட்டிப் பாக்குது. நாற்காலியில இருக்கிற என்னையப் பாத்து, இவ யாருன்னு கேட்டுட்டா? அதை நெனைச்சாத்தான் எனக்குப் பயம்."

ஊர்க்கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கோடாங்கியை வரவழைத்திருந்தார்கள், உடுக்கு அடித்துக் குறி சொல்கிறவர், நிதானமான மனுசன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை உச்சியில் ஊர் எல்லை வேப்பமரத்தடியில் கோலம் போட்டு உட்கார்ந்தால் நடையை அங்கே இழுக்கலாம், வந்து நின்றதும் இரும்பு ஆணியை இறக்கிவிட்டால் அப்புறம் அது எங்கேயும் போகாது என்றார்.

"ஆணி இறங்கினா அவளுக்கு என்ன ஆகும்?" என்று செண்பகராஜ் எழுந்து கேட்டார்.

கோடாங்கி பொய் சொல்லவில்லை. "நடை அங்கயே நின்னுரும். அம்மா இருக்கிற இடத்துலயே இருப்பாக."

"எந்த ஊசிக்கும் அவளை நம்பித்தானே கைய நீட்டுனீக," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மண்டபத்தில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். ஆனால் செல்வமதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணாச்சி, உங்களுக்கு நர்சம்மா. எனக்கு இவ. எனக்குப் பயமா இருக்கு. ஆணி அடிக்கட்டும்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள், அவள் நடுங்கிக்கொண்டே சொன்னாள், அதனால் யாரும் மறுக்கவில்லை.

செண்பகராஜ் வீட்டுக்கு வந்து ஆணி விசயத்தைச் சொன்னார். குருவம்மாள் தன் வலது பாதத்தின் நடுவில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே டாக்டர் போன் செய்தார். யார் கட்டியிருக்கிறார்கள், யார் நடக்கிறார்கள் என்று கேட்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். அவரும் கம்ப்யூட்டரில் வருகிற கோடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். "சார், நேத்து மத்தியானம் எட்டு சின்னதாகிட்டே வந்திருக்கு. ஒரு கால் இழுக்குது. திரும்புற இடத்துல எல்லாம் தயங்குது. அதுக்கும் நோய் வந்துடுச்சு சார்."

செண்பகராஜ் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். அன்று நடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பியது. நீள எட்டு இல்லை. சரக், சரக் என்று தரையைத் தேய்த்துக்கொண்டு, படியில் தடுமாறி, தெருவில் இறங்கிப் போனது.

வேப்பமரத்தடியில் கோலம் போட்டாயிற்று. சுண்ணாம்புப் பொடியும் அரிசி மாவும் ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாக வைத்திருந்தார்கள். கோடாங்கி உடுக்கடித்தார், வெயில் தலைக்கு நேராக வந்தது, நடை வரவில்லை. ஊர் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது, நடை வரவில்லை, ஒரு இலை உரசினாலும் எல்லாரும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்கள், நடை வரவில்லை.

அது ரயில்வே கேட்டில் நின்றது. எட்டூரணிக்குத் தெற்கே, வேப்பமரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கேட் அது. கேட் கீப்பர் ஜெபமணி பாசஞ்சர் வண்டிக்காகக் கேட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது தண்டவாளத்துக்கு நடுவில் சத்தம் கேட்டது, செருப்பு இரண்டும் பதறிப் பதறித் தேய்கிற சத்தம், ஒரே இடத்தில் நின்றுகொண்டு சின்னச் சின்னதாக, வேகவேகமாக, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். அவர் செண்பகராஜுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, நர்சம்மா தண்டவாளத்துல மாட்டிக்கிட்டாக."

அந்த நேரம் நாற்காலியில் குருவம்மாளின் பாதங்களும் அதே மாதிரிப் பதறிக்கொண்டிருந்தன. "சுடுது," என்றாள். "இரும்பு சுடுது. தரை அதிருது." செண்பகராஜ் அவளை அள்ளித் தூக்கித் தெருமுனை ஆட்டோவில் போட்டார். எப்படித் தூக்கினோம் என்று அவருக்குப் பின்னால் யோசித்தபோதும் தெரியவில்லை.

ஜெபமணி அடுத்து ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்து வண்டியை நிறுத்தச் சொன்னார். "லைன்ல என்ன கிடக்கு?" என்று கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். ஜெபமணி தண்டவாளத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெயில்தான் அலையலையாக நடுங்கியது.

"ஆள் நிக்குது சார்," என்றார்.

சிவப்பு சிக்னல் விழுந்தது. ஆனால் வண்டி ஏற்கெனவே வளைவு திரும்பியிருந்தது. பிரேக் பிடித்த சத்தமும் விடாத ஊதலும் கரிசல்காட்டைத் தாண்டி வந்தன. அந்த ஊதல் கேட்டு வேப்பமரத்தடிக் கூட்டம் கோலப்பொடிப் பெட்டிகளும் கையுமாக ஓடி வந்தது, கோடாங்கி ஆணியும் சுத்தியலுமாக ஓடி வந்தார். "நின்னுட்டிருக்கு, இப்பவே இறக்கிருவோம்," என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் சத்தம் மாறியது. சரக், சரக் என்ற பதற்றம் நின்று, ஒரு எட்டு விழுந்தது. இன்னொரு எட்டு. நடை நகர ஆரம்பித்துவிட்டது. ரோட்டுப் பக்கம் இல்லை, தண்டவாளத்துக்கு நடுவிலேயே, குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை மேல் கட்டையாக, வண்டி வருகிற திசையைப் பார்த்து, தடங்கலில்லாமல் போனது.

அதற்குள் கேட்டுக்கு வந்து நின்ற ஆட்டோவிலிருந்து குருவம்மாள் அலறினாள். பார்க்கின்சன் வந்த பிறகு அவள் குரல் காற்று மாதிரி ஆகிவிட்டிருந்தது, அந்தக் குரலில் அப்படி ஒரு அலறல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

செண்பகராஜ் போனில் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். மதுரையில் அந்தப் பெண்ணும் கம்ப்யூட்டரில் கோடுகள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு திரும்ப வந்திருக்கு சார், எங்க நடக்குது? தரையில என்ன இருக்கு?"

"தண்டவாளம்! கட்டை மேல போகுது!"

"அதான்," என்று டாக்டர் கத்தினார். "குறுக்க கோடு இருந்தா இந்த நோய்க்காரங்க கால் எழும்பும் சார். கட்டையைத் தாண்டித் தாண்டிப் போகுது. வெளிய வர்றதுக்குக் கோடு போடுங்க, காலுக்குக் குறுக்கே, எட்டுக்கு ஒண்ணா. சீக்கிரம்!"

செண்பகராஜ் அதைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிக் கத்தினார். யாரும் அசையவில்லை. பயத்தில் ஊரே கால் ஒட்டிக்கொண்டது போல நின்றது. கோடாங்கியின் பக்கத்தில் நின்ற செல்வமதி மட்டும் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வாசலில் கம்பீரமாக வந்து நின்று மகளின் நடையைத் தூக்கிக்கொண்டு போனதாக அவள் நினைத்த சத்தம் அது இல்லை. விழுந்துவிடுவோமோ என்று பயந்து பயந்து ஒவ்வொரு எட்டாக வைக்கிற சத்தம், சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் வைத்த மாதிரியான சத்தம். அவள் மகளைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு, சுண்ணாம்புப் பொடிப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்துக்குள் ஓடினாள். சத்தத்துக்கு முன்னால் போய்க் குனிந்து, இரும்புக்கு வெளியே ஜல்லியின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள், அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. "வாங்க நர்சம்மா, இங்கிட்டு, இங்கிட்டு," என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னாலாக நகர்ந்தாள்.

அதைப் பார்த்ததும் மற்ற பெண்களும் மாவை அள்ளிக்கொண்டு ஓடினார்கள், ஜெபமணி சுண்ணாம்பு அடித்த கல்லை உருட்டிக்கொண்டு வந்தார், அய்யலுசாமி தோள் துண்டை நீளவாக்கில் முறுக்கிக் குறுக்கே போட்டார், துண்டுக்கு அடுத்து யாரோ ஒரு வேப்பங்குச்சியைப் போட்டார்கள், குச்சிக்கு அடுத்து கோடாங்கி, சற்றுத் தயங்கி, தன் கையிலிருந்த நீள ஆணியைப் படுக்கவாட்டில் தரையில் வைத்தார். ஸ்லீப்பர் கட்டையின் மேல் சத்தம் நின்றது. வண்டியின் ஊதல் காதை அறுத்தது. பிறகு ஒரு செருப்பு எழுந்து முதல் கோட்டைத் தாண்டி ஜல்லியில் விழுந்தது.

வண்டி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, இரும்பு தீய்ந்த வாசனையோடு நின்றது. நடை அதற்குள் ரோட்டோரம் வந்திருந்தது. கடைசிக் கோட்டுக்கு அப்பால் செண்பகராஜ் குருவம்மாளைத் தோளோடு அணைத்து நிறுத்தி வைத்திருந்தார்; அவளுடைய உடம்பு முழுக்க ஆடியது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அது. இரண்டும் அசையவில்லை. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று செண்பகராஜுக்குத் தெரியும், ஆனால் சத்தமே இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவும் அதே பயத்தோடுதான் நிற்கிறது என்பது அவருக்கு மட்டுமல்ல, சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

குருவம்மாள் கையை நீட்டினாள். "ஒண்ணுமில்ல," என்றாள், எட்டூரணியில் பிறந்த ஒவ்வொருவரும் அழுதுகொண்டே கேட்ட அந்தக் குரலில். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அங்கிட்டுப் பாத்துக்கோ."

செருப்பு ஒருமுறை தேய்ந்தது. அவளுடைய காலில் துடிப்பு ஓடியது, முட்டி மடங்கியது, செண்பகராஜ் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் ஆளில்லாத செருப்புச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

அவள் குணமாகவில்லை. அது குணமாகிற நோய் இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், கம்ப்யூட்டரில் கோடுகள் இப்போது வீட்டு நடையை மட்டுமே காட்டின, அது நல்ல நடையாக இல்லை. செல்வமதியின் மகள் கொஞ்ச நாள் கழித்து மறுபடி சுவரைப் பிடித்து எழுந்தது. நர்சம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று சிலரும், எப்படியும் எழுந்திருக்கும் என்று சிலரும் சொன்னார்கள். கணுக்கால் கயிறுகளை யாரும் முழுசாக அவிழ்க்கவில்லை. ஆனால் குருவம்மாளின் வீட்டிலிருந்து மேலத்தெரு வரைக்கும் ரோட்டின் குறுக்கே எட்டுக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடுகள் இருந்தன, மழை அழித்தால் யாராவது மறுபடி போட்டார்கள்.

வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம் அவள் செண்பகராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடுகளின் மேல் டீக்கடைக்குப் புறப்பட்டாள். ஆடுகள் படுத்துப் புரண்டு கோடு அழிந்து போயிருந்த இடத்தில், நடுரோட்டில், கால் ஒட்டிக்கொண்டது. டவுன் பஸ் வந்துவிட்டது. டிரைவர் அவர்களைப் பார்த்தார், ஹாரன் மேலிருந்த கையை எடுத்தார், பிறகு, அவசரம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்பதற்காக, இன்ஜினையே அணைத்துவிட்டார். அய்யலுசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே நின்றது.

"பயமா இருக்கா குருவு?"

"இருக்கு," என்றாள். "அதுக்கும் இருக்கு. ஆனா முன்ன அது வேற எடத்துல பயந்துச்சு, நான் வேற எடத்துல பயந்தேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துல." அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்க. வரும்."

அவர் பொறுத்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் பொறுத்தார்கள்.